பெற்றவள் பெயர் எழுதிய முதல் பத்திரம்: தத்துப் பதிவுச் சேவை பற்றிய மதிப்புரை

தத்து எடுக்கப்பட்டு வளர்ந்த ஒருவர், தன்னைப் பெற்றவளின் பெயர் எழுதியிருக்கும் முதல் சூராட் பெரானாக்கை (பிறப்புப் பத்திரத்தை) பார்க்க வேண்டும் என்று மலேசியத் தேசியப் பதிவுத் துறைக்கு, அதாவது ஜேபிஎன்னுக்குப் போகிறார். அங்கே என்ன கிடைக்கும், எது கிடைக்காது, கிடைக்காததற்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருப்பவர்களை மனத்தில் வைத்து இந்த மதிப்புரை எழுதப்படுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கவுண்டர் தன் வேலையைச் செய்கிறது. பதிவேட்டு நகல் கேட்டால் நகல் கிடைக்கும். ஆனால் தேடி வருபவரின் உண்மையான கேள்விக்குப் பதில் சொல்லும் ஏடு, சட்டத்தால் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் சாவி நீதிமன்றத்தில் இருக்கிறது. இது தெரியாமல் கவுண்டருக்குப் போகிறவர்கள் ஒரே வரிசையில் மூன்று முறை நின்று, மூன்று முறையும் கையில் ஏற்கெனவே இருக்கும் பத்திரத்தின் புது நகலோடு வீடு திரும்புகிறார்கள். தெரிந்து போகிறவருக்கு அதே கவுண்டர் மிகவும் உதவியாக இருக்கும்.

உங்கள் தத்து எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்பதுதான் முதல் கேள்வி. தீபகற்பத்தில் இரண்டு சட்டங்கள் உண்டு, இரண்டுமே 1952-இல் வந்தவை. ஒன்று தத்தெடுப்புச் சட்டம், 257-ஆம் எண். இதில் உயர் நீதிமன்றமோ செஷன்ஸ் நீதிமன்றமோ ஆணை பிறப்பிக்கும். 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட, மணமாகாத பிள்ளைக்கு இது பொருந்தும், முஸ்லிம்களுக்குப் பொருந்தாது. ஆணை வந்ததும் பெற்றோருக்கும் பிள்ளைக்குமான சட்ட உறவு அறுந்து, வளர்த்தவர்களோடு புதிதாக ஒட்டுகிறது. அதன்பின் கிடைக்கும் பிறப்புச் சான்றிதழில் வளர்த்தவர்களே அப்பா அம்மா. தத்து என்ற சொல்லே அதில் இராது.

மற்றொன்று தத்துப் பதிவுச் சட்டம், 253-ஆம் எண். இதற்கு நீதிமன்றம் தேவையில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது வளர்த்து, படிக்க வைத்து, பராமரித்தவர்கள் ஜேபிஎன்னில் பதிந்துகொள்ளலாம். இந்து, கிறிஸ்துவர், முஸ்லிம் எல்லாருக்கும் இது உண்டு. பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் சட்டப்படி நடந்த தத்து என்றால் அது இந்த வகைதான். இது வளர்ப்பை அங்கீகரிக்கிறது, ரத்த வழியை அறுப்பதில்லை. வாரிசு உரிமை தானாக வருவதும் இல்லை. அதனால் பெற்றவர்கள் யார் என்ற தகவல் 257-இல் மறைவது போல் இதில் முழுதாக மறைவதில்லை. சபா, சரவாக்கில் பிறந்து தத்துப் போனவர்களுக்கு அந்த மாநிலங்களின் தனிச் சட்டங்கள் உண்டு; அவர்கள் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது எந்தச் சட்டத்திலும் சேராது. நம் சமூகத்தில் மிக அதிகம். தோட்ட ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை வாங்கிக்கொண்டு, வளர்க்கப்போகிறவளே பெற்றதாகச் சொல்லி நேராகப் பதிந்துவிடுவது. அதைப் பிறகு பார்ப்போம், ஏனென்றால் அங்கே வழியே வேறு.

ஆக, ஜேபிஎன்னுக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து இரண்டு தாள்களைப் படியுங்கள்.

ஒன்று உங்கள் அடையாளக் கார்டு. பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு: பினாங்குக்கு 07, பேராக்குக்கு 08, சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14, கெடாவுக்கு 02. இடம் தெரியாதவர்களுக்கு 82. ஜெலுத்தோங்கிலேயே பிறந்து வளர்ந்ததாக வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், கார்டில் 08 இருக்கிறது என்றால், பிறப்பு பேராக்கில் பதிவாகியிருக்கிறது. தேடல் ஜார்ஜ்டவுனில் முடியாது, தைப்பிங்கையோ தெலுக் இந்தானையோ பார்த்துத் திரும்ப வேண்டியிருக்கும். 82 என்றால் கைவிடப்பட்ட குழந்தையாகப் பதிந்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்போது போலீஸ் புகாரும் சமூகநலத் துறைக் கோப்பும்தான் முதல் ஆவணங்கள். சில மாநிலங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் உண்டு என்பதால், பட்டியலில் இல்லாத எண்ணைப் பார்த்ததும் பதறாதீர்கள். ஜேபிஎன் இணையத்தளத்தில் முழுப் பட்டியல் இருக்கிறது.

இரண்டாவது, பிறப்புப் பத்திரம். பெரும்பாலும் மக்கள் பெயரையும் தேதியையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியவை வேறு. பதிவு எண், பதிவு செய்த மாவட்டம், பதிவுத் தேதி, பிறந்த இடம், தகவல் கொடுத்தவர் பெயர். பிறந்த தேதிக்கும் பதிவுத் தேதிக்கும் நடுவே மூன்று, நான்கு ஆண்டு இடைவெளி இருந்தால் அது ஒரு குறிப்பு. ஆனால் குறிப்பு மட்டுமே. தோட்டப்புறத்தில் தாமதப் பதிவு மிகச் சாதாரணம். பத்திரமே இல்லாத இந்தியர்களைத் தேடி 2011-இல் மைடாஃப்தார் இயக்கம் நடத்த வேண்டிய அளவுக்கு அது பெரிய சிக்கல். பதிவுத் தேதி ஒன்றை வைத்துக்கொண்டு, தன்னைத் தத்து எடுத்தார்கள் என்று வயதான அம்மாவிடம் சண்டைக்குப் போகக் கூடாது.

தகவல் கொடுத்தவர் என்ற கட்டம்தான் தங்கம். பழைய பத்திரங்களில் அங்கே சில சமயம் பெற்றோர் பெயர் இராது. மருத்துவச்சி, தோட்டத்து டிரஸர் (மருந்து கொடுப்பவர்), கிராணி (குமாஸ்தா), பக்கத்து வீட்டுக்காரர் என்று யாரோ ஒருவரின் பெயரும் முகவரியும் இருக்கும். அந்த மனிதர் இன்று இல்லாமல் போகலாம். அவர் முகவரியில் உள்ள தோட்டத்தின் பெயர் போதும், தேடலின் பரப்பு ஒரு மாநிலத்திலிருந்து ஒரு தோட்டத்தின் டிவிஷனுக்குச் சுருங்கிவிடும். தந்தையின் கட்டத்தில் 'மாக்லுமாட் தீடாக் டிபெரோலேஹி', அதாவது தகவல் கிடைக்கவில்லை என்று இருந்தால், பெற்றவள் மணமாகாமல் பதிந்திருக்கிறாள் என்று பொருள் கொள்ளலாம். 1957-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 13-ஆம் பிரிவின்படி, தாயும் தந்தையென ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டால் மட்டுமே அங்கே ஆண் பெயர் ஏறும். அப்படிப்பட்ட முதல் பத்திரத்தைப் பெறப் போராடுகிறவர், அதில் தந்தை பெயரை எதிர்பார்க்கக் கூடாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் கடைசியில் நொறுங்காமல் இருக்கலாம்.

இப்போது சேவைக்கு வருவோம். பினாங்கில் ஜாலான் ஆன்சன் கூட்டரசுக் கட்டடத்தில் உள்ள ஜேபிஎன் மாநில அலுவலகம் போக வேண்டிய இடம். பல அரசுச் சேவைகளை ஒரே இடத்தில் தரும் யூடிசி மையங்களுக்கு, அதாவது கொம்தாரில் உள்ள யூடிசி கவுண்டருக்கும், கோலாலம்பூரில் புடு சென்ட்ரல் யூடிசிக்கும் போய் நேரம் போக்க வேண்டாம். அவை கார்டு மாற்றுவது போன்ற அன்றாட வேலைகளுக்கு அருமையான இடங்கள். தத்து விவகாரத்துக்கு அல்ல. கோலாலம்பூர்க்காரர்கள் நேராகப் புத்ராஜெயா இரண்டாம் பிரெசிண்டில் உள்ள தலைமையகத்துக்கே போவது நல்லது. பிறப்பு, இறப்பு, தத்துப் பிள்ளை ஆகிய மூன்றையும் பார்க்கும் பிரிவு அங்கேதான் இருக்கிறது. எம்ஆர்டி ரயிலின் புத்ராஜெயா தடத்தில் கடைசி நிலையம் வரை போய் அங்கிருந்து பஸ்ஸோ கிராப்போ பிடிக்கலாம்.

கவுண்டரில் சொல்லும் முதல் வாக்கியம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 'சிஜில் கெலாஹிரான் அசால்', அதாவது அசல் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டால், அசல் தொலைந்துவிட்டது, மறு நகல் கேட்கிறார் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். இப்போதைய சான்றிதழையே அச்சடித்துக் கொடுப்பார். அவர் மேல் தவறில்லை; அந்தச் சொற்களுக்கு அந்த இடத்தில் அதுதான் பொருள். 'ரெகோட் கெலாஹிரான் செபெலும் பெங்காங்காத்தான்', அதாவது தத்துக்கு முந்தைய பிறப்புப் பதிவு என்று சொல்ல வேண்டும். உடனே பேச்சு வேறு மேசைக்குப் போகும். அந்த மேசையிலும் முதல் நாளே பெற்றவள் பெயரைக் கேட்காதீர்கள். கேட்க வேண்டியது, தத்துப் பிள்ளைகள் பதிவேட்டில் உங்களைப் பற்றிய பதிவின் சான்றிட்ட நகல்.

ஏன் அது? 257-ஆம் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொல்வதைப் புரிந்துகொண்டால் தெரியும். தத்து ஆணை வந்ததும் மூன்று இடங்களில் எழுத்து விழுகிறது. பழைய பிறப்புப் பதிவேட்டில் உங்கள் வரிக்குப் பக்கத்தில் தத்து போனதாகக் குறிப்பு ஏறுகிறது. அந்த வரி அழிவதில்லை, கிழிபடுவதில்லை. இன்றும் அங்கேயே இருக்கிறது. தத்துப் பிள்ளைகள் பதிவேட்டில் வளர்த்தவர்கள் பெயரோடு புது வரி ஒன்று எழுதப்படுகிறது. இந்த வரியையும் அந்த வரியையும் இணைத்துக் காட்டும் மூன்றாவது ஏடு ஒன்றைப் பதிவுத் தலைவர் தனியாக வைத்துக்கொள்கிறார். பூட்டிய ஏடு என்று முதலில் சொன்னது இதுதான். பொதுமக்கள் பார்க்க முடியாது. நீதிமன்ற ஆணை இல்லாமல் அதிலிருந்து ஒரு சொல்லையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. சட்டம் 'யாருக்கும்' என்கிறது. வயது வந்த தத்துப் பிள்ளைக்கும் விலக்கு இல்லை.

ஆனால் நடுவிலுள்ள பதிவேட்டின் வரியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: ஆணை பிறப்பித்த நீதிமன்றம் எது, ஆணையின் தேதி என்ன. இந்த இரண்டும் கையில் இருந்தால் நீதிமன்றக் கோப்பைத் தேட முடியும். இவை தெரியாமல் வழக்கறிஞரிடம் போனால், அவர் முதல் இரண்டு மாதம் இதைத்தான் தேடுவார், நீங்கள் அதற்கும் கட்டணம் கட்டுவீர்கள்.

கொண்டு போக வேண்டியவை: உங்கள் அடையாளக் கார்டு, இப்போதைய பிறப்புச் சான்றிதழின் அசலும் இரண்டு நகலும், வளர்த்த பெற்றோரின் அடையாளக் கார்டு நகல்கள், அவர்கள் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ், அவர்களுடைய திருமணச் சான்றிதழ் நகல். தத்து ஆணையின் எந்த மூலை கிழிந்த நகல் இருந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணத்தை ஒரு பக்கத்தில் மலாயில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்ன விண்ணப்பம் கோப்பில் ஏறாது. பின்னால் நீதிமன்றத்தில் 'துறையிடம் கேட்டேன், இல்லை என்றார்கள்' என்று காட்டுவதற்கும் இந்த முத்திரைத் தாளும் பதில் கடிதமுமே சான்று. மறுப்புக் கடிதம் வந்தால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். அடுத்த படிக்கு அது நுழைவுச் சீட்டு.

பினாங்கில் உள்ளவர்கள் சிலர் மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பார்க்கிறார்கள். பலிக்காது. அந்தச் சட்டம் மாநில அரசின் துறைகளுக்கு மட்டும்; ஜேபிஎன் மத்திய அரசுத் துறை. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உதவாது, மத்திய மாநில அரசுகள் அதன் வரம்பிலேயே இல்லை. இந்த இரண்டு வழிகளையும் சிபாரிசு செய்யும் முகநூல் பதிவுகளை நம்பி மாதங்களை இழக்க வேண்டாம்.

நீதிமன்றத்துக்குப் போகும் முன், அந்தத் தகவல் பூட்டில்லாத இடத்தில் எங்காவது கிடக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தத்து வழக்கு ஒன்று நடக்கும்போது பிள்ளையின் முதல் பிறப்புப் பத்திரம் வழக்கின் இணைப்பாகத் தாக்கல் ஆகிறது. பெற்றவளின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் கூடவே போகிறது, அதில் அவள் அடையாளக் கார்டு எண் இருக்கும். பூட்டிய ஏடு ஒன்றுதான். ஆனால் இந்தத் தாள்களின் பிரதிகள் ஐந்து இடங்களுக்குப் போயிருக்கின்றன. வளர்த்த பெற்றோர், அவர்களுடைய வழக்கறிஞர், நீதிமன்றம், சமூகநலத் துறை, ஜேபிஎன். முதல் இடத்தில் பூட்டு இல்லை. பழைய டிரங்குப் பெட்டி, மைலோ டின், சாமி மேடைக்குக் கீழ் இழுப்பறை, சித்தி வீட்டு அலமாரி என்று எல்லா இடங்களிலும் பாருங்கள். பச்சைப் பத்திரமோ வெள்ளைப் பத்திரமோ, வேறு பெயரில் ஒரு குழந்தை, ஆனால் உங்கள் பிறந்த தேதி. அதுதான் அது. வளர்த்தவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களிடம் கேட்பதைவிடச் சிறந்த விண்ணப்பம் எந்த அலுவலகத்திலும் இல்லை. மறைத்தார்கள் என்று கோபப்படுவதற்கு முன், அவர்களிடம் அப்போது மறைக்கும்படி சொன்னதே அதிகாரிகளும் உறவினர்களும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

வழக்கறிஞர் அலுவலகம் மூடியிருந்தால் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தில் பெயரைக் கொடுத்து, கோப்புகளை எந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது என்று விசாரிக்கலாம். சில ஆண்டுகளுக்கு மேல் கோப்பு வைத்திருக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் தத்துக் கோப்பை மட்டும் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருக்கும் பழைய வழக்கறிஞர்கள் உண்டு.

சமூகநலத் துறைக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 257-இன் கீழ் ஒவ்வொரு வழக்கிலும் பிள்ளையின் நலனைப் பார்க்க நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமிக்கிறது. வழக்கமாக அது சமூகநலத் துறை அதிகாரி. அவர் இரு வீட்டையும் விசாரித்து அறிக்கை எழுதுவார். பிறப்புப் பத்திரத்தில் பெயர் மட்டும்தான் இருக்கும். இந்த அறிக்கையில் ஏன் கொடுத்தாள் என்பதற்கான பதில் இருக்கக் கூடும். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பெயரில்லாத தகவலை மட்டும் முதலில் கேளுங்கள்: தாயின் வயது, உடல்நிலை, மற்றப் பிள்ளைகள் இருந்தார்களா, எந்த ஊர். பெயரைக் கேட்டால் மறுக்கக் கடமைப்பட்ட அதிகாரி, இதற்கு யோசிப்பார்.

தேவாலயங்களையும் இல்லங்களையும் இந்துக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள்கூடத் தவறவிடக் கூடாது. ஜார்ஜ்டவுன் லைட் ஸ்ட்ரீட் கான்வென்ட்டை நடத்திய கன்னியர்கள் 1852-இல் வந்தவர்கள். பள்ளியோடு அனாதை இல்லமும் நடத்தினார்கள். கோலாலம்பூரில் புக்கிட் நனாஸ் கான்வென்ட் 1899-இல் தொடங்கியது. இல்லத்துக்கு வந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தால், அந்தப் பதிவேட்டில் தத்துக்கு முந்தைய பெயர் இருக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 877-ஆவது விதி, தத்துப் பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் வளர்த்தவர்கள் பெயரை எழுத வேண்டும் என்றும், அந்த நாட்டு அரசுப் பதிவில் வழக்கம் இருந்தால் பெற்றவர்கள் பெயரையும் எழுத வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்ப் பங்குகளில் தொடங்குவதானால் புடுவில் புனித அந்தோணியார் ஆலயம், பினாங்கில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம். பங்கு அலுவலகத்துக்குப் பிறந்த தேதியையும் அதையொட்டிய ஆறு மாதத்தையும் குறித்துக் கடிதம் கொடுங்கள். ஒரே நாளைச் சொல்லித் தேடச் சொன்னால் கிடைக்காது, ஞானஸ்நானம் பிறந்த அன்றே நடப்பதில்லை. பிள்ளைகள் இல்லம் வழியாக வந்தவர்கள் பினாங்கு ஸ்காட்லாந்து ரோட்டில் உள்ள ராமகிருஷ்ண ஆசிரமம், புச்சோங் சாலையில் உள்ள சுத்த சமாஜம் போன்ற இடங்களின் சேர்க்கைப் புத்தகங்களைக் கேட்கலாம். ஆஸ்பத்திரிக் குறிப்புகளுக்கு வைப்புக் காலம் உண்டு, அது முடிந்ததும் அழித்துவிடுவார்கள். நாற்பது ஆண்டுக்கு முந்தைய பிரசவத்துக்கு அங்கே அலைவது பெரும்பாலும் வீண்.

இனி நீதிமன்றம். ஆணை வந்த இடம் தெரிந்ததும், வழக்கறிஞர் வழியாகச் சமன் பெமுலாவும் (வழக்கைத் தொடங்கும் மனு) அதற்கு ஆதாரமாக உங்கள் அஃபிடவிட்டும் (சத்தியப் பிரமாண வாக்குமூலம்) தாக்கல் செய்ய வேண்டும். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம், பினாங்கில் லைட் ஸ்ட்ரீட். பிறப்புப் பதிவுத் தலைவரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பார்கள்; அரசு வழக்கறிஞர் அவருக்காக வருவார். இங்கே விண்ணப்பங்கள் தடுக்கி விழுவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்றுதான்.

கேட்பது மிக அகலமாக இருப்பது முதல் காரணம். 'என்னைப் பற்றிய எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால் நீதிபதிக்கு யோசனை வரும். 'இன்ன தேதி ஆணையின்படி தத்துப் பதிவேட்டில் உள்ள இன்ன எண் பதிவோடு தொடர்புடைய பிறப்புப் பதிவின் ஒரு நகல்' என்று ஒரே ஒரு தாளைக் கேளுங்கள். அடுத்து, காரணம் மேலோட்டமாக இருப்பது. தெரிந்துகொள்ள ஆசை என்பது மனிதனுக்குப் போதுமான காரணம். சட்டம் அப்படி எழுதப்படவில்லை. பரம்பரை நோய் சந்தேகமா, நிபுணர் டாக்டரின் கடிதம், குடும்ப வரலாறு ஏன் சிகிச்சைக்கு வேண்டும் என்ற விளக்கத்தோடு. குடியுரிமையா, ஜேபிஎன் எழுதிய மறுப்புக் கடிதம். மணமுறைச் சிக்கலா, தடைசெய்யப்பட்ட உறவுமுறை பற்றிய ஐயம் எங்கிருந்து வந்தது என்பது. கடைசியாக, பெற்றவளை மறந்துவிடுவது. அவள் இன்று வேறு குடும்பத்தோடு இருக்கலாம், கணவனுக்கோ பிள்ளைகளுக்கோ தெரியாமல். பெயர் கிடைத்தாலும் நேராகப் போக மாட்டேன், சமூகநல அதிகாரி வழியாகவே தொடர்பு கொள்வேன் என்று அஃபிடவிட்டிலேயே உறுதி கொடுங்கள். நீதிபதி தராசில் வைக்கும் மறுதட்டு அவளுடைய அந்தரங்கம்தான். அதற்கு நீங்களே காவல் நின்றால் தராசு நகரும். தந்திரமாக இதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது உண்மையாகவே தேவை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, வழக்கறிஞர் கூலியையும் தாக்கல், சத்தியப் பிரமாணம், நகல் போன்ற செலவுகளையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வசதியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. தத்து வழக்கு செய்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு ஆளைப் பிடியுங்கள். தத்து எடுத்துக் கொடுப்பதில் கைதேர்ந்த பலருக்கு, எடுத்த தத்தின் ஏட்டைத் திறக்கும் விண்ணப்பம் புதிது.

குடியுரிமை விஷயம் தனியாக நிற்கிறது. தத்து ஆணை பிள்ளைக்குக் குடியுரிமையைத் தானாகக் கொடுப்பதில்லை. பெற்றவர்களின் தகுதியைத்தான் ஜேபிஎன் பார்க்கிறது. 'புக்கான் வார்கானெகாரா', அதாவது குடிமகன் அல்ல என்று பத்திரத்தில் விழுந்த பிள்ளைக்கு, தாய் மலேசியர் என்று காட்டும் முதல் பதிவு வாழ்க்கையையே மாற்றும் தாள். பெற்றவர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு வழி காட்டுகிறது: பிறந்தவுடன் கைவிடப்பட்டு, தத்து எடுக்கப்பட்ட பிள்ளையை அரசியல் சாசனத்தின் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான விதியின் கீழ்க் குடிமகன் என்றது. இத்தகைய விண்ணப்பங்களில் வயது வரம்பு உண்டு என்பதால், பிள்ளை பள்ளி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது அந்த மூன்றாவது வகை. சீனக் குடும்பத்தில் பிறந்து, தமிழ் வீட்டில் பொட்டும் பூவுமாக வளர்ந்து, தமிழைத் தவிர வேறு மொழி அறியாத பாட்டிமார்கள் நம் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஆணையும் இல்லை, பதிவும் இல்லை. வளர்த்த தாயே பெற்றவளாகப் பதிவாகியிருப்பாள். இவர்களுக்குப் பூட்டிய ஏடே கிடையாது. ஜேபிஎன் மறைப்பதாக நினைத்து அங்கே அலைவதில் பயனில்லை. பொய்த் தகவல் கொடுத்துப் பதிவது குற்றம் என்பதால், கவுண்டரில் போய், 'இந்தப் பத்திரத்தில் இருப்பவர் என் அம்மா இல்லை' என்று சொல்வதற்கு முன் கட்டாயம் வழக்கறிஞரைப் பாருங்கள். வளர்த்த தாயின் குடியுரிமையை வைத்து உங்களுக்கு வந்த குடியுரிமை கேள்விக்குள்ளாகலாம். உங்கள் பிள்ளைகளின் பத்திரங்களும் அதே நூலில் தொங்குகின்றன. இந்த எச்சரிக்கையைப் போகிற போக்கில் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

இவர்களுக்கு மிஞ்சியிருப்பது வாய்மொழியும் மரபணுச் சோதனையும். வாய்மொழியைக் கேட்கும்போது பெயரை மட்டும் கேட்காதீர்கள். பெயர் கைகொடுக்காது: லட்சுமி என்ற ஒரே பெயரைப் பழைய குமாஸ்தாக்கள் ரோமன் எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதினார்கள், நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது, லட்சுமி அ/பெ (மகள்) முனியாண்டி எத்தனை பேர்! எந்த லயம், எந்த வேலைக்காட்டு, அப்போது யார் மண்டோர் (மேற்பார்வையாளர்), குழந்தையைத் தூக்கிக் கொண்டுவந்தது யார், அன்று என்ன விசேஷம் என்று கேளுங்கள். தீமிதிக்கு முந்தின வாரம் என்று ஒரு கிழவி சொன்னால் பிறந்த மாதம் கிடைத்துவிடும். மரபணுச் சோதனைக் கம்பெனிகளின் கணக்கில் மேற்கத்தியர் நிறைய, நம்மவர் குறைவு. நெருங்கிய உறவு உடனே கிடைக்கும் என்று பணம் கட்டாதீர்கள், தூரத்து உறவு கிடைத்தால் அதுவே பெரிது. சீனப் பெற்றோரைத் தேடுகிறவர்களுக்கு வாய்ப்புச் சற்றுக் கூடுதல், அவர்கள் குடும்பங்கள் குடும்பப் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பதால்.

தத்துப் போய் இங்கிலாந்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு தகவல்: இங்கிலாந்து நீதிமன்றத்தில் தத்து ஆணை வந்திருந்தால், உங்கள் தத்துப் பதிவு அந்த நாட்டு ஏட்டில்தான் இருக்கிறது. அங்கே 1975-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து 18 வயதான தத்துப் பிள்ளை தன் பிறப்புப் பதிவைக் கேட்டுப் பெறலாம். 1975 நவம்பர் 12-க்கு முன் தத்துப் போனவர்கள் முதலில் ஓர் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் இந்த உரிமை 1930-இலிருந்தே இருக்கிறது. நம் சட்டம் 1952-இல் இங்கிலாந்தின் அன்றைய சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. அவர்கள் அந்தப் பூட்டைத் திறந்து ஐம்பது ஆண்டாகிறது. நம்மிடம் அதே பூட்டு இன்னும் தொங்குகிறது. வயது வந்தவர் தன் பெயரின் முதல் வரியைப் பார்க்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருப்பது அநியாயம். இந்தச் சேவையின் பெரிய குறை அலுவலகத்தில் இல்லை, 25-ஆம் பிரிவில் இருக்கிறது. பெற்றவளும் பிள்ளையும் தனித்தனியே பெயர் கொடுத்து, இருவரும் விரும்பினால் மட்டும் இணைத்து வைக்கும் ஏடு ஒன்றைத் திறக்கவாவது நாடாளுமன்றத்துக்கு நேரம் வந்துவிட்டது.

நகல் கையில் கிடைத்த அன்றே செய்ய வேண்டிய ஒரு காரியம் மிச்சம். அதில் உள்ள பதிவு எண், மாவட்டம், தாயின் பழைய ஏழிலக்கக் கார்டு எண், முகவரி ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். நாற்பது, ஐம்பது ஆண்டு மையில் எழுதிய 1-ம் 7-ம், 3-ம் 8-ம் நகலில் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகமுள்ள இலக்கத்தைக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் அதிகாரியிடம் காட்டி, ஏட்டில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு இலக்கம் தவறினால் தேடிப் போகும் வீடு வேறு ஒருத்தியுடையது.